வட்ட மேசை வாங்குவதா, மின்கலம் வாங்குவதா? பி.எட். அறிவியல் வகுப்பில் ஸ்டுடியோ முறை

ஒற்றைக்கம்பி (கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர், திண்டுக்கல் மாவட்டம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் ஒரு பழைய விரிவுரைக் கூடத்தைப் புதுப்பிக்க நிர்வாகம் பணம் ஒதுக்கியிருக்கிறது. அதனை "ஸ்டெம் ஸ்டுடியோ" (ஸ்டெம் என்பது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) ஆக்க வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் படங்களைக் காட்டி, இதுபோல் வட்ட மேசைகளும் நான்கு சுவர்களிலும் திரைகளும் அமைக்க எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு கேட்டிருக்கிறார்கள். இயற்பியல் கற்பித்தல் தாளை நடத்துபவள் என்ற முறையில் அந்த மதிப்பீட்டை எழுத வேண்டியவள் நான்தான்.

ஸ்டுடியோ என்றால் நம் ஊரில் புகைப்படக் கடை என்று நினைப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். விரிவுரை ஓர் அறையில், செய்முறை வேறோர் அறையில், கலந்துரையாடல் இன்னொரு நாளில் என்று பிரித்து வைத்ததை ஒரே அறையில், ஒரே நேரத்தில், சிறு குழுக்களாக நடத்துவதுதான் இம்முறை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரென்சலர் பல்தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜாக் வில்சன் இயற்பியலுக்கு இவ்வடிவத்தைக் கொண்டுவந்தார். பின்னர் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெய்க்னர் ஏறத்தாழ 7 அடி விட்டமுள்ள வட்ட மேசைகளில் மும்மூன்று பேராக ஒன்பது பேரை அமர்த்தி, இதனைப் பெரிய வகுப்புகளுக்கும் ஏற்றதாக்கினார். எங்கள் நிர்வாகம் காட்டிய படங்கள் பெரும்பாலும் இந்த மேசைகளின் வழித்தோன்றல்களே.

மதிப்பீடு எழுதும் முன் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். முதலாம் ஆண்டு மாணவ ஆசிரியர்களிடம் ஆளுக்கொரு டார்ச் பல்பு, ஒரு மின்கலம், ஒரே ஒரு செம்புக் கம்பி ஆகியவற்றைக் கொடுத்து, வேறெதையும் பயன்படுத்தாமல் பல்பை எரிய வைக்கச் சொன்னேன். எல்லோரும் இயற்பியலிலோ வேதியியலிலோ பட்டம் பெற்றவர்கள். சிலர் முதுகலையும் முடித்தவர்கள். பத்து நிமிடங்களுக்குப் பின்னும் எரிய வைத்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். பலர் கம்பியின் ஒரு முனையை மின்கலத்திலும் மறுமுனையை பல்பின் அடிநுனியிலும் வைத்துவிட்டு, ஏன் எரியவில்லை என்று என்னைப் பார்த்தார்கள். ஓமின் விதியைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, பல்புக்குள் மின்னோட்டம் செல்ல இரண்டு வாயில்கள் உண்டு என்பதும் அவற்றில் ஒன்று மரையுள்ள பக்கவாட்டு உலோகம் என்பதும் தெரியவில்லை.

எனக்கு இப்போது இரண்டு கேள்விகள் உள்ளன. இந்தப் பணத்தை எதில் செலவிடுவது? ஐம்பது பேருக்கு ஓர் ஆசிரியர், வாரத்துக்கு இத்தனை மணி, ரெக்கார்டு நோட்டு இத்தனை என்று கட்டிப் போடப்பட்ட ஒரு படிப்பில் ஸ்டுடியோ முறையை உண்மையாக நடத்த இயலுமா?

பழைய பலகை (ஓய்வுபெற்ற கல்வியியல் கல்லூரி முதல்வர்) எழுதியது:

அம்மா, உங்கள் சோதனை சுவையானது. ஆனாலும் அதிலிருந்து நீங்கள் எடுக்கப் போகும் முடிவைப் பற்றித் தயங்குகிறேன்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜான் பெல்ச்சர் 2000களின் தொடக்கத்தில் மின்காந்தவியல் பாடத்தை இந்த வடிவத்துக்கு மாற்றியபோது, பணத்துக்கோ கருவிகளுக்கோ பஞ்சமில்லை. அங்கேயே மாணவர்கள் 2003-இல் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள்; பழைய விரிவுரையே வேண்டும் என்றார்கள். உலகத்தின் மிகச் சிறந்த மாணவர்கள் என்று சொல்லப்படுகிறவர்களுக்கே ஒவ்வாத முறை, வேலையும் குடும்பமும் பார்த்துக்கொண்டு பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வரும் நம் பிள்ளைகளுக்கு எப்படி ஒத்துவரும்?

என்னுடைய இரண்டாவது தயக்கம் காலம் பற்றியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால் பி.எட். இரண்டாண்டு ஆனது உண்மைதான். அந்த இரண்டாண்டில் 20 வாரங்கள் பள்ளியில் கழிகின்றன. நுண்ணிலைக் கற்பித்தல் (சில நிமிடப் பாடத்தைச் சக மாணவர்களிடம் நடத்திப் பழகுவது), உளவியல் செய்முறை, துணைக்கருவி தயாரித்தல், முகாம் என்று மீதியும் கரைந்துவிடுகிறது. இதற்கிடையில் ஒரு பல்பை எரிய வைக்க ஒரு பாடவேளையைச் செலவிட்டால் வினாத்தாளை யார் பார்ப்பது? மூவர் குழு என்பீர்கள். ஒருவர் செய்வார், ஒருவர் எழுதுவார், ஒருவர் கைப்பேசி பார்ப்பார். முப்பது ஆண்டுகளில் நான் கண்ட குழுச்செயல்பாடு இதுதான். நன்றாகத் தயாரித்து நடத்தப்படும் ஒரு விரிவுரை இதைவிட மேலானது.

மாலைப்பிறை (இயற்பியல் கல்வி ஆய்வாளர், பெங்களூரு) எழுதியது:

பழைய பலகை ஐயா குறிப்பிட்ட எதிர்ப்பு நடந்தது உண்மை. அக்கதையின் மறுபாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெல்ச்சர் அந்த மாற்றத்துக்குப் புறப்பட்டதே, பருவ இறுதியில் பாதிப்பேர்கூட விரிவுரைக்கு வராததாலும் தோல்வி விகிதம் கூடுதலாக இருந்ததாலும்தான். மாறிய பிறகு தோல்வி குறைந்தது. கருத்துப் புரிதலை அளக்கும் தேர்வுகளில் முன்னேற்றம் விரிவுரை வகுப்பைவிட ஏறக்குறைய இருமடங்கானது. மாணவர்களுக்குப் பிடிக்காமற்போனதும் அவர்கள் கூடுதலாகக் கற்றதும் ஒருங்கே நடந்தன. 2019-இல் ஹார்வர்டில் நடத்திய ஓர் ஆய்விலும் இதுவே தெரிந்தது. செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாகப் பெற்றார்கள். ஆனால், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரை, புரிந்துவிட்டது என்ற நிறைவை நமக்குத் தந்துவிடுகிறது. உங்கள் மாணவ ஆசிரியர்கள் ஓமின் விதியைப் பற்றி அத்தகைய நிறைவோடுதான் வந்திருப்பார்கள்.

ஆனால் இந்த இழையில் பேச வேண்டிய முன்மாதிரி மாசசூசெட்ஸ் அன்று என்பது என் கருத்து. அது பொறியியல் மாணவர்களுக்கானது. ஆசிரியராகப் போகிறவர்களுக்கென்றே இம்முறையை நீண்ட காலம் செதுக்கிய இடம் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். லிலியன் மெக்டர்மட் தலைமையிலான இயற்பியல் கல்விக் குழு 1970களிலிருந்து அங்கே ஆசிரியர்களுக்குத் தனியாகப் பாடம் நடத்தி வந்தது. அந்த அனுபவத்திலிருந்து உருவாகி 1996-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த பாடநூலில் விரிவுரைக்கு இடமே இல்லை. முழுக்க முழுக்க வினாக்களும் சோதனைகளுமே உள்ளன. அதில் மின்சுற்றுப் பகுதி, நீங்கள் செய்த அதே ஒரு பல்பு, ஒரு மின்கலம், ஒரு கம்பியிலிருந்துதான் தொடங்குகிறது.

அங்கே வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சிறு குழுக்கள் சாதாரண மேசைகளில் அமர்ந்து வினாத்தொடரைத் தாங்களே வாசித்துச் சோதனை செய்கிறார்கள். குறிப்பிட்ட சில வினாக்களின் இறுதியில் "இங்கே நிறுத்தி, ஆசிரியரிடம் பேசவும்" என்ற குறி இருக்கும். ஆசிரியர் வந்து விடை சரியா தவறா என்று சொல்வதில்லை. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். பாடநூலில் படித்தேன் என்ற விடை அங்கே செல்லாது. தான் செய்த சோதனையிலிருந்து வாதத்தைக் கட்டிக் காட்ட வேண்டும். மூவரில் எவரைக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குழு முழுவதும் அதே இடத்தில் நிற்கும். ஐயா சொன்ன கைப்பேசிக்காரர் பிரச்சினைக்கு மருந்து இந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. நிறுத்தம் இல்லாத குழுச்செயல்பாட்டைப் பற்றி ஐயா எழுதியதில் எனக்கும் மறுப்பில்லை.

ஆசிரியர்களுக்கு ஏன் தனிப் பாடம் என்பதற்கு மெக்டர்மட் குழுவின் ஓர் ஆய்வையே சான்றாகச் சொல்லலாம். ஒரே மாதிரியான ஐந்து பல்புகள். முதல் சுற்றில் ஒரு பல்பு. இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடரிணைப்பில். மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். மின்கலங்கள் குறையற்றவை என்று கொள்ளவும். ஒளிர்வின்படி ஐந்தையும் வரிசைப்படுத்த வேண்டும். தனிப் பல்பும் பக்க இணைப்பின் இரண்டும் சமமாகவும், தொடரிணைப்பின் இரண்டும் மங்கலாகவும் எரியும். கணக்கீடு எதுவும் தேவைப்படாத இக்கேள்விக்குப் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்களில் சுமார் 15 சதவீதத்தினரே சரியாக விடையளித்ததாக அவர்கள் 1992-இல் எழுதினார்கள். பாடம் நடத்துவதற்கு முன்பு கேட்டாலும் பின்பு கேட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகி, எஞ்சியதுதான் இரண்டாவதற்குப் போகிறது என்ற எண்ணம் பட்டப்படிப்பைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. இந்த எண்ணத்தோடு ஒருவர் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தால், எந்தக் கற்பித்தல் முறையை நாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாலும் அவர் கற்பிக்கப் போவது அந்த எண்ணத்தைத்தான்.

நம் பி.எட். படிப்பு, பட்டம் பெற்றவருக்குப் பாடப்பொருள் தெரியும் என்று அடித்தளமாக எடுத்துக்கொண்டு, எப்படிக் கற்பிப்பது என்பதை மட்டும் மேலே கட்டுகிறது. அந்த அடித்தளத்தைத் தட்டிப் பார்க்கும் இடமாக ஸ்டுடியோ அமைய வேண்டும்.

எட்டாம் வகுப்பு அ பிரிவு (அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்) எழுதியது:

மாலைப்பிறை சொன்ன ஐந்து பல்புச் சோதனையை நான் பள்ளியில் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன். அந்த அனுபவம் இங்கே பயன்படலாம்.

பெட்டிக்கடையில் கிடைக்கும் விலை குறைந்த மின்கலத்தை வைத்து, பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பு மங்குகிறது. பாடநூல் மங்காது என்கிறது. பிள்ளைகள் கண்ணால் கண்டதை எழுதினார்கள். நான் "பாடநூலில் உள்ளதை எழுதுங்கள்" என்று சொன்னேன். அன்று நான் செய்த தவறு எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. மின்கலத்துக்கு அக மின்தடை உண்டு. பழைய கலத்தில் அது கூடுதல். எடுக்கும் மின்னோட்டம் கூடும்போது முனைகளுக்கிடையே கிடைக்கும் மின்னழுத்தம் குறைகிறது. இதை நான் பட்டப்படிப்பில் கணக்காகப் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பல்பு மங்கியபோது அந்தக் கணக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆகவே ஒற்றைக்கம்பி அம்மாவுக்கு என் பரிந்துரை: முதலில் நல்ல ஆல்கலைன் மின்கலங்களை வாங்குங்கள். பல்புகளை ஒரே பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே கலத்தில் எரித்துப் பார்த்து, ஒரே அளவு ஒளிர்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இழை பல்புகள் கடைகளில் அருகிவிட்டன, எல்.இ.டி. கொடுப்பார்கள், அது இந்தச் சோதனைக்கு உதவாது. ஒரு பக்கம் மட்டும் மின்னோட்டத்தை விடும் பொருளை வைத்து மின்சுற்றின் முதல் பாடத்தைத் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும். நான் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் பழைய கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தேன். பின்னர், மின்சுற்றின் விதிகள் பிடிபட்ட பிறகு, வேண்டுமென்றே தேய்ந்த கலங்களை ஒருநாள் கொடுங்கள். அன்றைய விவாதம் எந்தத் திரையையும்விடச் சிறப்பாக இருக்கும்.

நல்ல விரிவுரையே மேலானது என்ற பழைய பலகை ஐயாவின் கருத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது செயல்வழிக் கற்றலைப் பற்றி இரண்டு மணி நேரம் விரிவுரை கேட்டோம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுக்க வந்தபோது அட்டைகள் வந்தன, தாழ்வான கரும்பலகைகள் வந்தன. ஆனால், ஆசிரியராக ஆகப்போகிறவர் தாமே அவ்வாறு ஒருமுறை கற்றுப் பார்க்கும் வாய்ப்பு எங்கள் பயிற்சியில் இருக்கவில்லை. நீச்சலைப் பற்றிய உரையைக் கேட்டுவிட்டுக் கிணற்றில் இறங்கியவர்கள் நாங்கள்.

ஒற்றைக்கம்பி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மின்கலம், பல்பு பற்றிய குறிப்பு எனக்கு இன்றே பயன்பட்டது. என்னிடம் இருந்த பல்புகளைச் சோதித்தேன், பாதியை ஒதுக்க வேண்டியதாயிற்று.

மாலைப்பிறை அவர்களிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டும். ஐம்பது பேரை மூவர் மூவராகப் பிரித்தால் பதினேழு குழுக்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு குழுவோடு ஐந்து நிமிடம் பேசினால் எண்பத்தைந்து நிமிடம். நான் கடைசிக் குழுவை அடையும்போது முதல் குழு கைகட்டிக் காத்திருக்கும். அல்லது என்னைக் கடந்து போயிருக்கும். இரண்டாவது சிக்கல்: எங்கள் வகுப்பில் பெண்கள் மிகுதி, ஆண்கள் ஒரு சிலர். அந்தச் சில ஆண்களை ஒரு குழுவுக்கு ஒருவர் என்று பிரித்துப் போட்டபோது கம்பியும் கலமும் அவர்கள் கைக்கே போயின. பெண்கள் அழகாகப் படம் வரைந்து தலைப்பிட்டார்கள். நான் சொல்லாமலே இது நடந்தது.

மாலைப்பிறை எழுதியது:

குழு அமைப்பைப் பற்றி மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா ஹெல்லர் 1992-இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. இருவர் குழுவில் கருத்துகள் போதவில்லை. நால்வர் குழுவில் ஒருவர் ஒதுங்குகிறார். மூவரே ஏற்றது என்று கண்டார். இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ள குழுவில் அந்தப் பெண்ணின் விடை சரியாக இருந்தாலும் அது எடுபடுவதில்லை என்பதையும் பதிவு செய்தார். உங்கள் வகுப்பில் எண்ணிக்கை தலைகீழாக இருந்தும் கம்பி ஆணின் கைக்குப் போகிறது என்பது கவனிக்கத்தக்கது. நடத்துபவர், குறிப்பெடுப்பவர், ஐயம் எழுப்புபவர் என்று மூன்று பொறுப்புகளை வைத்து, வாராவாரம் சுழற்றுங்கள். ஐயம் எழுப்புபவர் பதவி நம் ஊரில் கூச்சத்தைத் தரும். அதை நீங்கள் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டால், "நான் கேட்கவில்லை, என் பொறுப்பு கேட்கிறது" என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வழி கிடைக்கும்.

எண்பத்தைந்து நிமிடக் கணக்குக்கு விடை கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் இருக்கிறது. அங்கே 2003 முதல், முந்தைய பருவத்தில் அதே பாடத்தை முடித்த மாணவர்களை அடுத்த பருவத்தில் கற்றல் உதவியாளர்களாக வகுப்புக்குள் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு வாரந்தோறும் ஆசிரியரோடு ஒரு தயாரிப்புக் கூட்டமும், கற்பித்தலைப் பற்றிய தனிப் பாடமும் உண்டு. அறிவியல் மாணவர்களை ஆசிரியப் பணிக்கு ஈர்ப்பதும் அத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. உங்களிடமோ எல்லோரும் ஆசிரியராவதற்கென்றே வந்திருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூவரை அழைத்துக்கொண்டால் நால்வர் ஆகிறீர்கள். ஆளுக்கு நான்கு அல்லது ஐந்து குழுக்கள், ஒரு சுற்று இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடியும். சென்ற ஆண்டு தானே தடுமாறிய இடத்தில் இன்னொருவர் தடுமாறுவதை விடை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது அந்த மூவருக்கும் எந்த நுண்ணிலைக் கற்பித்தலும் தராத பயிற்சி.

பனங்கூடல் (ஆசிரிய கல்வியியலாளர், யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இலங்கையில் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயிற்சி மூன்று ஆண்டுகள். மூன்றாவது ஆண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. 2007 பாடவிதான மறுசீரமைப்போடு ஐந்து படிகள் கொண்ட கற்றல் மாதிரி பாடசாலைகளுக்கு வந்தது. ஆசிரியர் வழிகாட்டி நூலில் ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் குழு, பணி, நேரம் எல்லாம் எழுதியிருக்கும். அதனால் எங்கள் பயிலுநர்கள் குழுவாக இருத்துவதில் வல்லவர்கள். ஆனால் தொடர் இணைப்பையும் சமாந்தர இணைப்பையும் குழுவாக இருந்து பாடப்புத்தகத்தைப் பார்த்து பிரிஸ்டல் தாளில் பிரதி செய்து, ஒருவர் எழும்பி வாசிப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். மின்குமிழ் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

ஆகவே பெயரும் படியும் இருந்துவிட்டால் போதாது என்பதை அனுபவத்தால் சொல்கிறேன். பயிலுநருக்கு ஒரு விடயம் தன் கையால் பிழையாகிப்போக வேண்டும். அப்படி ஒருமுறையும் பிழைவிடாதவர் வழிகாட்டி நூலை வாசித்துக்கொண்டே இருப்பார்.

மடிப்புத்தாள் (கணிதக் கற்பித்தல் விரிவுரையாளர், கும்பகோணம்) எழுதியது:

ஸ்டெம் என்று பேச்சைத் தொடங்கிவிட்டு எல்லோரும் இயற்பியலிலேயே நிற்கிறீர்கள். கணிதக்காரர்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

1893-இல் சென்னையில் தி. சுந்தரராவ் என்பவர் தாளை மடித்தே வடிவியலைக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். ஜெர்மானியக் கணிதவியலாளர் பெலிக்ஸ் கிளைன் அதைச் சுட்டிய பிறகு அது உலகெங்கும் அறியப்பட்டது. நம் கணித மாணவ ஆசிரியர்களில் அப்பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அரிது. ஒரு சதுரத் தாளைக் கொடுத்து, அளவுகோல் இல்லாமல் சமபக்க முக்கோணம் மடிக்கச் சொல்லி, அது சமபக்கம்தான் என்று நிறுவச் சொன்னால் ஒரு மணி நேரம் போதாது. செலவு ஐந்து ரூபாய்க்குள் முடியும். மூவர் சேர்ந்து மடிக்கும்போது எழும் சண்டையில்தான் நிறுவல் என்றால் என்ன என்று முதன்முறையாகப் பலருக்குப் புரிகிறது.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஸ்டெம் என்றாலே எங்கள் பகுதிக் கல்லூரிகளில் கண்காட்சி; கண்காட்சி என்றாலே தெர்மோகோல். எரிமலை, இதயம், மழைநீர்ச் சேகரிப்பு, எல்லாம் கடையில் செய்து விற்கிறார்கள். மாணவ ஆசிரியர் வாங்கி வந்து பெயரெழுதி வைக்கிறார், மதிப்பெண் விழுகிறது. ஒற்றைக்கம்பி அவர்களின் கூடம் அந்த வழியில் போய்விடக் கூடாது.

பழைய பலகை எழுதியது:

நீங்கள் எல்லோரும் எழுதியதை இருமுறை வாசித்தேன். நிறுத்தம் என்ற ஏற்பாட்டைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. என் முப்பது ஆண்டு அனுபவம் நிறுத்தம் இல்லாத குழுக்களைப் பற்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வு என்ற என் கேள்விக்கு எவரும் பதில் சொல்லவில்லை. பல்கலைக்கழக வினாத்தாள் "ஸ்டுடியோ முறையின் நன்மைகள் ஐந்தினைக் கூறுக" என்றுதான் கேட்கும். மாணவர் அதற்குத்தான் படிப்பார்.

நர்மதைக்கரை (அறிவியல் இயக்கத் தன்னார்வலர், மதுரை) எழுதியது:

ஐயாவின் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒருமுறை விடை கண்டிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய அமைப்புகள் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982 முதல் ஏகலவ்யா என்ற தன்னார்வ அமைப்பு அதனை முன்னெடுத்தது. பிள்ளைகள் நான்கு பேர் கொண்ட குழுக்களாகச் சோதனை செய்து, கண்டதை விவாதித்து எழுதுவார்கள். ஆசிரியர்கள் கோடை முகாமுக்கு வந்து, மாணவர்கள் செய்ய வேண்டிய அதே சோதனைகளை அதே குழுக்களாக உட்கார்ந்து தாமே செய்வார்கள். பல்கலைக்கழக அறிவியலாளர்கள் அவர்களோடு தரையில் உட்கார்ந்து வாதாடினார்கள். ஸ்டுடியோ என்ற பெயர் அங்கே எவருக்கும் தெரிந்திருக்காது.

அவர்கள் தேர்வையும் மாற்றினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். எழுத்துத் தேர்வுக்குப் புத்தகத்தையும் தன் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். தனியாகச் செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகம் திறந்திருக்கும்போது நன்மைகள் ஐந்தினைக் கேட்டு என்ன பயன்? வினா தானாகவே மாறிவிடுகிறது. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. பள்ளிகளுக்குள் அவ்வளவு காலம் நிலைத்த ஒன்று ஓர் அரசாணையில் முடிந்துபோனது என்பதையும் நினைவில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழக வினாத்தாளை ஒற்றைக்கம்பி மாற்ற முடியாது. அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டும் அவர் கையில்தான்.

ஒற்றைக்கம்பி எழுதியது:

ரெக்கார்டு நோட்டு என்ற சொல்லில்தான் எனக்குப் பொறி தட்டியது. இப்போது எங்கள் மாணவர்கள் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று நான்கு தலைப்புகளில், மூத்தவர்களின் நோட்டைப் பார்த்து, நல்ல கையெழுத்தில் எழுதுகிறார்கள். சோதனை செய்யும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. அதற்குப் பதிலாக இடப்பக்கத்தில் "நான் என்ன எதிர்பார்த்தேன்" என்பதைப் பேனாவால், அடித்துத் திருத்த இடமின்றி, சோதனைக்கு முன்பு எழுத வேண்டும். வலப்பக்கத்தில் கண்டதை எழுத வேண்டும். இரண்டும் வேறுபட்டால் மதிப்பெண் குறையாது. வேறுபட்டதற்கு விளக்கம் இல்லாவிட்டால்தான் குறையும். இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை என்று எங்கள் முதல்வர் உறுதியளித்துவிட்டார்.

மாலைப்பிறை என்ற பெயரைப் பார்த்து எனக்குத் தோன்றிய ஒரு கேள்வியையும் நேற்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். வளர்பிறை அஷ்டமி நிலவு எத்தனை மணிக்கு உதிக்கும்? பெரும்பாலோர் மாலை என்றார்கள். அது நண்பகலில் உதித்து, சூரியன் மறையும்போது உச்சியில் நிற்கும் என்பதை எவரும் சொல்லவில்லை. பிறை ஏன் உண்டாகிறது என்று கேட்டதற்குப் பூமியின் நிழல் என்று பலர் படம் வரைந்தார்கள். ஒரு மாணவி மட்டும், "எங்கள் அப்பாயி மூன்றாம் பிறையைப் பொழுது சாய்ந்ததும் மேற்கே பார்த்துக் கும்பிடுவார், சற்று நேரத்தில் அது மறைந்துவிடும், அப்படியானால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, நிழல் எப்படி விழும்?" என்று கேட்டார். வகுப்பில் அரை மணி நேரம் வாதம் நடந்தது. நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டேன்.

எட்டாம் வகுப்பு அ பிரிவு எழுதியது:

அந்த மாணவியை ஒரு மாதம் நிலவைப் பார்த்துக் குறித்து வரச் சொல்லுங்கள், அம்மா. சியாட்டில் பாடத்திலும் அப்படி ஒரு பகுதி இருப்பதாகப் படித்திருக்கிறேன். நாளும் நேரமும் திசையும் எழுதினால் போதும். ஊர் மாறி ஊர் வருகிற மாணவர்கள் என்பதால் ஒருவருக்கு மேகமாக இருந்தால் இன்னொருவருக்குத் தெளிவாக இருக்கும். குழுவாகச் சேர்த்துப் பார்ப்பதற்கு அது உண்மையான காரணமாக அமையும். நாம் வலிந்து உண்டாக்கும் குழுப்பணிகளில் பெரும்பாலும் ஒருவரே செய்து முடித்துவிடலாம். அதனால்தான் மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள்.

பழைய பலகை எழுதியது:

பணத்தைப் பற்றிப் பேச்சே காணோம். வட்ட மேசை உண்டா, இல்லையா?

ஒற்றைக்கம்பி எழுதியது:

மதிப்பீட்டை இன்று காலை கொடுத்துவிட்டேன், ஐயா. தரையோடு பதித்த நீள பெஞ்சுகளைப் பெயர்த்து எடுக்கக் கூலி. நகர்த்தக்கூடிய சாதாரண மேசைகள் பதினேழு. சுவர்களில் திரைக்குப் பதிலாகக் குழுவுக்கு ஒன்றாகச் சிறு வெண்பலகைகள். மின்கலம், பல்பு, கம்பி, ஆடி, வில்லை, தராசு. அவற்றைப் பூட்டி வைக்காமல் திறந்த அலமாரியில் வைக்க ஒரு வரிசை. மீதியை ஆண்டுதோறும் மின்கலம் வாங்க வைப்பாக வைக்கக் கேட்டிருக்கிறேன். ஒரு திரையாவது இருந்தால்தான் திறப்பு விழாவுக்கு நன்றாக இருக்கும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். ஒன்றுக்கு ஒப்புக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டு மாணவிகள் மூவர் உதவியாளர்களாக வரச் சம்மதித்திருக்கிறார்கள். வெள்ளி மாலை அவர்களை உட்கார வைத்து முதல் வார வினாத்தொடரைச் செய்ய வைத்தேன். மூவருமே ஐந்து பல்பில் தவறினார்கள். ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே அடுத்த வெள்ளியும் அதே பாடம்தான். வினாத்தொடரை இங்கே பதிவேற்றுகிறேன், குறை சொல்லுங்கள். மூன்றாம் வினாவில் "காரணம் கூறுக" என்று பழக்கத்தில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டு "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மாற்றியிருக்கிறேன்.